இந்தத் தடவை ஒண்ணு போதும்

அத்தியாயம் 7

உச்சி வெயிலில் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை ரேடியோ அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. தொடர்ந்து நாலு தடவை ஜெயித்த சட்டமன்ற உறுப்பினர். ஐந்தாவது தடவை நிற்பதற்கு அன்று காலையில்தான் மேளதாளத்தோடு போய் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்திருந்தார். இந்த முறை ஜெயித்தால் மந்திரி என்று கட்சி மேலிடம் வேறு வாக்குக் கொடுத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் சட்டை கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

“அதைக் கழட்டிடுங்க தலைவரே. தோட்டா வர்றதுக்கு முன்னாடி வேர்த்தே கரைஞ்சிடுவீங்க” என்றாள்.

ரேடியோ என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். புகார் சொன்னவர்களிடமே கம்பெனியைப் பற்றித் தானும் நாலு புகார் சொல்லி வேலையை விட்டவள். வயது நாற்பதாகியும் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. அவளை உதவிக்கு வைத்துக்கொண்டிருந்த துப்பறிவாளரோ நேர் எதிர். ஒரு காலத்தில் கோர்ட்டில் நகல் எழுதியவர். ஊரே அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டது. டீயைக்கூட மூன்று தவணையாகக் குடிப்பார்.

நிதானம் மேஜையில் இருந்த கடிதத்தைக் கையில் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாள். நடுவில் பெரிதாக 212 என்று ஒரு எண். கீழே ஒரே ஒரு வரி.

‘இந்தத் தடவை ஒண்ணு போதும்.’

“இதுக்கு முன்னாடி மூணு வந்துது” என்றார் தலைவர். “ரெண்டாவது தேர்தல்ல ஜெயிச்சேன், அந்த வாரமே ஒண்ணு. மூணாவதுக்கு ஒண்ணு. நாலாவதுக்கு ஒண்ணு. மூணுலயும் வெறும் நம்பர்தான். எவனோ பைத்தியக்காரன்னு கிழிச்சுப் போட்டேன். இது முந்தா நாள் வந்துது. ஒண்ணு போதும்னா என்ன அர்த்தம்? ஒரு தோட்டா போதும்கறான்.”

“முதல் தேர்தல்ல ஜெயிச்சப்ப?”

“அப்ப வரலை.”

“இருநூத்திப் பன்னெண்டுன்னா உங்களுக்கு என்ன தோணுது?”

தலைவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். “ஒண்ணும் தோணலை.”

பொய் சொல்லத் தெரியாதவர் நாலு தடவை ஜெயித்திருக்க முடியாது. ஆனாலும் இந்தப் பொய் கொஞ்சம் தடுக்கி விழுந்த மாதிரிதான் வந்தது. ரேடியோவுக்கே அது புரிந்தது.

அந்த நேரத்தில் தலைவரின் மனைவி ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, நறுக்கென்ற நடை. வாக்குச்சாவடி ஏஜெண்டுகளை நியமிக்கும் படிவங்களாம். ஒவ்வொரு தாளாக வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். தலைவர் பேச்சை நிறுத்தவே இல்லை. விரல் இருந்த இடத்தில் கையெழுத்து, தாள் விலகியது, அடுத்த விரல், அடுத்த கையெழுத்து. பத்துத் தாளும் முடிகிற வரை ஒரு எழுத்தைக்கூட அவர் படிக்கவில்லை.

“சொத்தை என் பேருக்கு எழுதி வெச்சு விரலை வெச்சாலும் போட்டுடுவீங்க போல” என்றாள் ரேடியோ.

தலைவர் சட்டைக்குள் குலுங்கிச் சிரித்தார். “இருபது வருஷமா என் படிவம் எல்லாம் இவதான் எழுதறா. வாத்தியார் பொண்ணு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். காலையில குடுத்த மனுவும் இவ எழுதினதுதான். பன்னெண்டு தாளுன்னு எண்ணி ரசீது குடுத்துட்டாங்க. எனக்கு மாற்று வேட்பாளரும் இவதான். ஒவ்வொரு தடவையும் இவளும் ஒரு மனு குடுப்பா, என் மனுவை ஏத்துக்கிட்டதும் வாபஸ் வாங்கிடுவா. டம்மி.”

டம்மி என்று சொல்லும்போது மனைவியின் தோளில் செல்லமாக ஒரு தட்டு வேறு. அந்த அம்மாள் தோளை நகர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

நிதானம் தன் ஒப்பந்தத் தாளை நீட்டினார். கடிதம் எழுதியது யார் என்று கண்டுபிடித்து, எழுத்து மூலமாக, தாளின் இரண்டு பக்கமும் கையொப்பமிட்டுத் தருவது. அதுதான் வேலை. வாயால் சொல்லும் வழக்கமே அவருக்குக் கிடையாது. ஒரு தடவை வாயால் சொல்லி, கேட்டவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்து, கோர்ட்டில் அவமானப்பட்டு நின்றவர். அந்தத் தாளிலும் மனைவியின் விரல் வந்து நின்றது. தலைவரின் கையெழுத்து விழுந்தது.

“பழைய தேர்தல் காகிதமெல்லாம் எங்கே இருக்கும்?” என்று கேட்டார் நிதானம்.

அந்த அம்மாள் ஒரு துண்டுத் தாளில் கடகடவென்று வழி எழுதி, மடித்து, ரேடியோவிடம் கொடுத்தார். “தேர்தல் அலுவலகத்துக்குப் பின்கட்டு, மாடி. சீக்கிரம் போங்க. இன்னிக்கு மூணு மணியோட மனு வாங்கறது முடியுது, அதுக்கப்புறம் கூட்டத்துல உள்ள நுழைய முடியாது.”

வெளியே வரும்போது சுவர் முழுக்கப் போஸ்டர். தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், ‘மன்னிக்கத் தெரிந்தவர்.’

“யாரை மன்னிச்சாராம்?” என்றாள் ரேடியோ. நிதானம் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்து உட்கார்ந்தார். இருபதுக்கு மேல் வேகம் போனால் அவர் தோளைத் தட்டுவார் என்பதால் ரேடியோ வழியெல்லாம் சைக்கிள்காரர்களிடம் தோற்றுக்கொண்டே போனாள்.

பழைய காகித அறையின் பொறுப்பாளர் ஒரு குண்டு அம்மாள். மூக்கில் துணி கட்டியிருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு அரசாங்கம் தேடிப் பிடித்துக் கொடுத்த வேலை அது. நிதானம் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். எண்ணைக் காட்டுவதற்கு முன்பே அந்த அம்மாள் தாளின் மடிப்பைப் பார்த்துவிட்டு, துணிக்குள்ளிருந்து பேசினார்.

“இது யாரோ வாக்குச்சாவடியில உட்கார்ந்த ஆளு மடிச்சது.”

“எப்படிச் சொல்றீங்க?” என்றாள் ரேடியோ.

“நீங்க ஒரு லெட்டரை எப்படி மடிப்பீங்க? முதல்ல குறுக்கால மடிப்பீங்க. எல்லாரும் அப்படித்தான். இது முதல்ல நீளவாக்குல மடிச்சு, அப்புறம் குறுக்கால மடிச்சிருக்கு. வாக்குச்சீட்டு காலத்துல அப்படி மடிக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. முத்திரை மை ஈரமா இருக்கும். குறுக்கால முதல்ல மடிச்சா கீழ இருக்கற வேற ஆளு சின்னத்துல ஒட்டிக்கும், ஓட்டு செல்லாது. நீளவாக்குல மடிச்சா அதே வரிசையில, அதே ஆளு பேர் மேலதான் ஒட்டும். அந்த வேலை பார்த்தவங்க மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் மடிப்பாங்க. கைப்பழக்கம், விடாது.”

“சரி, இருநூத்திப் பன்னெண்டு?”

துணிக்கு மேலே தெரிந்த கண்கள் வாசல் பக்கம் போய் வந்தன. எழுந்து போய், இருபது வருஷத்துக்கு முந்தைய முடிவுப் புத்தகத்தைக் கொண்டு வந்து விரித்தார். தலைவர் முதன்முதலாக ஜெயித்த தேர்தல். வித்தியாசம் அறுபத்தோரு ஓட்டு. நாற்பத்தேழாம் சாவடியில் செல்லாத ஓட்டு இருநூற்றுப் பன்னிரண்டு. காரணம் என்ற கட்டத்தில், ‘சீட்டின் பின்பக்கம் சாவடி அதிகாரி கையெழுத்து இல்லை.’

“அத்தனையும் எதிர்க்கட்சிக்காரருக்கு விழுந்த ஓட்டு” என்றார் அந்த அம்மாள். “அதிகாரியா இருந்தவர் ஒரு டிராயிங் வாத்தியார். வேணும்னே கையெழுத்துப் போடாம விட்டார்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. தெருவுல போனா ஓட்டைத் தின்ன வாத்தியார்னு கத்துவாங்க. மனுஷன் ஒவ்வொண்ணுலயும் போட்டேன், ஒவ்வொண்ணுலயும் போட்டேன்னு சொல்லிக்கிட்டே போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.”

“குடும்பம்?”

“இதென்ன கேள்வி? நீங்க வெளியூரா? அந்த வாத்தியார் பொண்ணைத்தானே தலைவர் கட்டிக்கிட்டார். மேடைக்கு மேடை சொல்வாரே. எங்க தொகுதிக்கே துரோகம் பண்ணின வாத்தியாரை மன்னிச்சேன், அவர் பொண்ணுக்கு வாழ்க்கை குடுத்தேன்னு. அந்தம்மா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கும். எனக்கே வயிறு எரியும்.”

ரேடியோவின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. வழி எழுதிக் கொடுத்த துண்டுத் தாளை எடுத்துப் பிரித்தாள். நீளவாக்கில் ஒரு மடிப்பு. அதன் மேல் குறுக்கே ஒன்று.

“சார்” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அபூர்வம்.

“நீங்க பையில போடறப்பவே பார்த்தேன்” என்றார் நிதானம்.

“பார்த்துட்டு, ஒரு மணி நேரமா வாயைத் திறக்காம வந்தீங்களா?”

“மடிப்பு தெரிஞ்சுது. காரணம் தெரியலை.” பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். “அம்மா, வேட்புமனு வாங்கறப்ப கையெழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பார்ப்பாங்களா?”

“எங்க பார்க்கறது? வாசல்ல மேளம், உள்ள கூட்டம். தாளை எண்ணி ரசீது குடுப்பாங்க. நாளைக்குப் பரிசீலனையிலதான் படிச்சுப் பார்ப்பாங்க. அப்ப ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் தள்ளுபடிதான். இன்னிக்கு மூணு மணிக்குள்ள தெரிஞ்சா வேற மனு குடுத்துக்கலாம். தாண்டினா தலைகீழா நின்னாலும் நடக்காது.”

ரேடியோ கடிதத்தின் அந்த ஒற்றை வரியை மறுபடி படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு தாளில் கையெழுத்து இல்லாமல் ஒருத்தர் தோற்றார். இந்தத் தடவை ஒரு தாள் போதும்.

மணி இரண்டேகால்.

“தலைவருக்கு போன் போடட்டுமா?” என்றாள் படியில் இறங்கும்போது.

“போன்ல அறிக்கை குடுக்கற வழக்கம் நமக்கு இல்லை.”

வீட்டுக்கு வந்தபோது தலைவர் உள்ளறையில் யாரோடோ சத்தமாக போனில் பேசிக்கொண்டிருந்தார். முன்னறையில் மனைவி மட்டும் மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிதானம் கடிதத்தையும் துண்டுத் தாளையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மாள் இரண்டையும் பார்த்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

“அவசரத்துல மடிச்சுட்டேன்” என்றார். “அப்பா பழக்கினது.”

“மனுவுல எந்தக் கையெழுத்து இல்லை?” என்று கேட்டார் நிதானம்.

“ரெண்டாவது தாள். உறுதிமொழி. பின்பக்கம்.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. தேர்தல் அலுவலகம் காரில் ஐந்தே நிமிஷம்.

“உங்கப்பா மேல தப்பு இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?” என்றாள் ரேடியோ. குரலைத் தாழ்த்த அவளுக்குத் தெரியும் என்பதே அன்றுதான் வெளியே வந்தது.

“கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு நாள் பீரோவை நகர்த்திக் கூட்டினேன். பின்னாடி ஒரு கட்டு. இருநூத்திப் பன்னெண்டு சீட்டு. எல்லாத்துலயும் எங்கப்பா கையெழுத்து. ஓட்டு எண்ணற இடத்துல ஒரு ஆளை வெச்சு, இதை எடுத்துட்டு, கையெழுத்து இல்லாத சீட்டை முத்திரை குத்தி வெச்சிருக்காங்க. அந்த ஆளு பின்னால வாயைத் திறந்துடக்கூடாதுன்னு அவன் குடுமி தன் கையில இருக்கட்டும்னு இவர் பத்திரமா வெச்சிருந்தார்.” ஒரு தாளை எடுத்து, விளிம்பைத் தட்டி, அடுக்கின் மேல் வைத்தார். “அப்பாகிட்ட ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். தன் கையெழுத்தை விரலால தடவிப் பார்த்தார். போட்டிருக்கேன் பாத்தியாம்மான்னார். அவ்வளவுதான் சொன்னார். வக்கீல்கிட்ட போனேன். கெடு முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு, வழக்குப் போட முடியாதுன்னார்.”

“அன்னைக்கே விட்டுட்டுப் போயிருக்கலாமே?”

“போனா? அடுத்த மேடையில, வாழ்க்கை குடுத்தேன், ஓடிட்டாள்னு அதையும் மன்னிச்சிருப்பார்.” முதல் தடவையாக அந்தக் குரலில் சூடு ஏறியது. “அப்ப இவர் வெறும் உறுப்பினர். கவுத்தாலும் அஞ்சு வருஷத்துல எழுந்து வந்துடுவார். எங்கப்பா எந்திரிக்கலையே. இவர் எந்த உசரத்துல இருந்து விழுந்தா எந்திரிக்க மாட்டாரோ அது வரைக்கும் ஏறட்டும்னு காத்திருந்தேன். இப்ப மந்திரி நாற்காலி கண்ணுல தெரியுது.”

“அப்ப லெட்டர் எதுக்கு?”

“ஜெயிச்ச வாரம் நல்லாத் தூங்குவார். அது எனக்குப் பிடிக்கலை.”

‘இந்தம்மா சமைச்சுப் போட்டா நான் சாப்பிடமாட்டேன்’ என்று ஒரு ஜோக் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கண்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

“போய்ச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள் நிதானத்திடம். “உங்க வேலை அது. நான் கெஞ்சமாட்டேன்.”

உள்ளறைக் கதவு திறந்தது. தலைவர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். “என்னய்யா, ஆளு சிக்கினானா?”

“சிக்கியாச்சு” என்றார் நிதானம்.

“யாரு?”

“எழுதித் தர்றேன்.”

பையைத் திறந்தார். மைப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, நுனியைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்தார். தாளில் தேதியை எழுதினார். பிறகு ஓரத்துக்குக் கோடு போட வேண்டும் என்று அடிக்கோல் கேட்டார். அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்தார்.

“பேரைச் சொல்லுய்யா, வெளிய ஆளுங்க நிக்கறாங்க” என்று கத்தினார் தலைவர்.

“ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுத்து மூலமா.”

தலைவர் ரேடியோவின் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லும்மா. வாய் ஓயாம பேசினியே.”

பிள்ளை பெற்றபோதுகூட ரேடியோ அந்தப் பாடு பட்டதில்லை. நாக்கு அரித்தது. கடிகாரம் இரண்டு நாற்பத்தெட்டு காட்டியது. இவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார் கிளம்பிவிடும், புது மனு போய்விடும், அந்த மனிதர் மந்திரி ஆகி மேடையேறி வாத்தியாரை இன்னும் ஐந்து வருஷம் மன்னிப்பார். அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, “தொண்டை கட்டியிருக்கு தலைவரே” என்றாள்.

நிதானம் டீ கேட்டார். வந்த டீயை மூன்று தவணையாகக் குடித்தார். ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் ஒரு வரி எழுதினார். தலைவர் எட்டிப் பார்த்தபோது முகவரி வரைக்கும்தான் வந்திருந்தது. நேரம் போகாமல் அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார், நடக்கும்போதும் ஜன்னலுக்கு நேரே வராமல் குனிந்து நடந்தார். அந்த அம்மாள் காகிதங்களை அடுக்கி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் பொறுத்தவருக்கு இந்த இருபது நிமிஷம்தான் கஷ்டமாக இருந்தது போல.

மூன்று அடித்தது.

நிதானம் இன்னும் நாலு நிமிஷம் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் போட்டார். அப்புறம்தான் நீட்டினார்.

தலைவர் படித்தார். மனைவியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“ரெண்டாவது தாள் பின்பக்கமா?” என்று கத்தினார். “டிரைவரை வரச்சொல்லு. காரை எடுக்கச் சொல்லு.”

“மணி மூணு ஆறு” என்றார் அந்த அம்மாள். “கெடு முடிஞ்சிருச்சு. எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார்.”

தலைவர் நிதானத்தின் மேல் பாய்ந்தார். “தெரிஞ்சுக்கிட்டேதானேய்யா எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்தே?”

“கடிதம் யார் எழுதினதுன்னு கேட்டீங்க. எழுதிக் குடுத்துட்டேன். மனுவைப் பத்தி நீங்க கேக்கவே இல்லை, அதையும் சேர்த்தே எழுதியிருக்கேன்” என்றார் நிதானம்.

தலைவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். சட்டை கழுத்தை நெரித்தது. பிய்த்து எறியப் பார்த்தார், கொக்கி கழலவில்லை. “நீ குடுத்த மனுவை வாபஸ் வாங்கிடு” என்றார் மூச்சிறைக்க. “எனக்கு இல்லாதது உனக்கும் வேண்டாம்.”

“வாங்கினா இந்தத் தொகுதியில கட்சிக்கு ஆளே கிடையாது. மேலிடத்துக்கு போன் போட்டுக் கேட்டுப் பாருங்க, உங்க மூஞ்சியைப் பார்ப்பாங்களா, தொகுதியைப் பார்ப்பாங்களான்னு. டம்மிதானே, நின்னுட்டுப் போறேன். முதல் கூட்டம் நாப்பத்தேழாம் சாவடி இருந்த தெருவுல. பீரோவுக்குப் பின்னாடி நீங்க வெச்சிருந்த கட்டு இப்ப என்கிட்ட இருக்கு. எங்கப்பா கையெழுத்தை ஒவ்வொண்ணா எல்லாருக்கும் காட்டப்போறேன். இருநூத்திப் பன்னெண்டையும்.”

“உங்கப்பனை நான் மன்னிச்சேன்டி.”

“ஆமா, போஸ்டர்லயே போட்டிருக்கே. உங்களுக்கு மன்னிக்கத் தெரியும்.” அந்த அம்மாள் எழுந்து அவர் அருகே வந்தார். “எனக்குத் தெரியாது.”

நிதானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிக்கை பெற்றுக்கொண்டதற்கான சீட்டை மேஜையில் வைத்தார். வழக்கம் வழக்கம்தானே.

அந்த அம்மாள் சீட்டைக் கணவர் பக்கம் நகர்த்தினார். கீழ் மூலையில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

தலைவரின் கை தானாகப் பேனாவை எடுத்தது. விரல் இருந்த இடத்துக்குப் போனது. பாதிப் பேர் எழுதியபோதுதான் நின்றது. அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தாளைத் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

அங்கே ஒன்றும் இல்லை.